இரவல் அம்மை

சிறு வயதில் சாப்பிட்ட, மறக்க முடியாத உணவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள். ஆங்கிலத்தில்தான்.

பதில் சொல்ல வேண்டியவளுக்குக் கண் எரிந்தது. வார்டில் இரவுப் பணி முடித்து, சீருடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு நேரே வந்திருந்தாள்.

இந்த ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் முன்பே கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் லண்டன் ஆஸ்பத்திரி வேலை வேறொருத்திக்குத்தான்.

பயிற்சி வகுப்பு வாத்தியார் ஒரு வார்த்தையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ரெமினிசென்ட். ஒன்று இன்னொன்றை நினைவுக்கு இழுத்து வந்தால் அப்படிச் சொல்ல வேண்டும். பின்னாலேயே மறக்காமல் ஓர் ‘ஆஃப்’.

“வாசனையோட சேர்த்துச் சொல்லும்மா. அம்மா சமையல்னா உருகிடுவாங்க.”

அனாதை இல்லத்தில் வளர்ந்தவள் அம்மா சமையலுக்கு எங்கே போவாள்? அவளுக்கு எதையாவது நினைவூட்டுவது பினாயில் வாசனைதான். பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வரும் நாளில் தரையெல்லாம் பினாயில் மணக்கும்.

‘இந்தா வந்துருதேன்’ என்று வாசலில் விட்டுப்போன அம்மாவின் முகம்கூட நினைவில் இல்லை. யார் கேட்டாலும் ‘வருவாங்க’ என்று சொல்லியே பழகிவிட்டது.

பினாயிலுக்கு மார்க் வராது என்றுவிட்டார் வாத்தியார்.

அறைத்தோழி ஜெபக்கனிதான் வழி சொன்னாள்.

“ஏட்டி, எங்க அம்மைய எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டாள். தூத்துக்குடியில் ஜெபக்கனியின் அம்மா மாங்காய் போட்டு வைக்கிற சாளைமீன் குழம்பை, பஸ்ஸிலும் குளியலறையிலும் ஆங்கிலத்தில் கொதிக்கவைத்தாள்.

இப்போது கடகடவென்று வந்தது. வார்த்தையும் வந்தது, ஆஃபும் வந்தது. அந்த அம்மாள் நிஜமாகவே உருகிவிட்டாள்.

“இப்போது உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்?”

இது பாடத்தில் இல்லை.

தூத்துக்குடியில் என்று சொல்லியிருக்கலாம். ‘வருவாங்க’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

அலுத்துவிட்டது அவளுக்கு. இத்தனை வருடத்து அலுப்பு.

“இறந்துவிட்டார்” என்றாள்.

அழுகை வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

வெளியே டீக்கடையில் ஜெபக்கனி காத்திருந்தாள்.

“என்னட்டி, எங்க அம்மை பாஸாயிட்டாளா?”

“செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்.”

ஜெபக்கனி வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அட, இதுக்கா அழுத? உசுரோட இருக்கவள செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்பாங்கட்டி. எங்க அம்மை இனி நூறு வயசு இருப்பா.”

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“நான் சொன்னது ஒங்க அம்மைய இல்லட்டி.”

ஜெபக்கனி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.