செருப்புக் காலில் ஒரு புல்டாக்

ரிட்டையர் ஆனதிலிருந்து பதினைந்து வருடம் என் மனைவி வனஜாவோடு வழக்காடி ஜெயித்துத்தான் இந்தப் புல்டாக் குட்டியை வாங்க வந்திருந்தேன். வளர்த்து விற்கும் பெர்னதெத் அம்மா அதன் ஏழு தலைமுறைச் சான்றிதழைக் காட்டினார். எனக்கே தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது. பிறகு என் வயதைக் கேட்டார். அறுபத்தொன்று என்றேன், கூசாமல்.

"எழுபத்திமூணு," என்றாள் வனஜா.

"எழுபது தாண்டினவங்களுக்கு நான் குடுக்கறதில்ல சார். இது பத்து வருஷம் இருக்கும். நடுவுல நீங்க போய்ட்டா சோறு தண்ணி தொடாது."

"எமனே வந்தாலும் இது மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிருவாம்மா."

அவர் சிரிக்கவில்லை. அதற்குள் என்னைவிடச் சுருக்கம் விழுந்த முகத்தோடு குட்டி உருண்டு வந்து, என் செருப்புக் காலில் தாடையைச் சாய்த்துத் தூங்கிப்போனது. குறட்டையில் கூரை ஓடுகள் நாலு இடம் மாறின. தூக்க வந்த பெர்னதெத் அம்மாவின் கை பாதியில் நின்றது.

"தூங்கி எழுந்திரிக்கட்டும். அப்புறம் நீங்க ரெண்டு பேர் மட்டும் கிளம்பலாம்," என்று நாற்காலி போட்டார்.

ஒரு மணி நேரமாகிறது. கால் மரத்து, இடுப்புவரை என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. வனஜா என் காதருகே குனிந்து கிசுகிசுக்கிறாள்: "கால ஆட்டிராதீங்க."