பாதி டீ

குருசுக்குப்பத்தில் அடைக்கலமாகத் தங்கியிருந்த வெளிநாட்டுப் புரட்சித் தலைவர் யார் பக்கம் என்று கணிப்பது, உளவுத்துறையிலிருந்த புருஷோத்தமனின் வேலை. ஒரு நாள் டீக்கடையில் பசியோடு நின்ற யாரோ ஒருவருக்குத் தலைவர் தம் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். கடவுளுக்கு உகந்த அந்தச் சிறு செயலை, எதிரிநாட்டு ஒற்றனோடு உறவு என்று புருஷோத்தமன் எழுதி அனுப்பினார். தலைவரை அவர் நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே தூக்கிலிட்டார்கள்.

போன வாரத்திலிருந்து தலைவர் காலையில் அதே கடைக்கு வருகிறார். கழுத்தில் கயிற்றின் தடம் இருக்கிறது. ஓய்வு பெற்று அங்கே டீ குடிக்க வரும் புருஷோத்தமனின் பக்கத்தில் வந்து அமர்ந்து, தம் டீயில் பாதியை அவருடைய டம்ளரில் ஊற்றுகிறார்.

"இன்னா சார், பிரண்டு இவ்ளோ ஆசையா ஊத்தறாரு, மூஞ்சத் திருப்பிக்கிறீங்க!" என்று சிரித்தாள் கடைக்கார அமுதவல்லி.

"எனக்கு அவரு யாருமில்லம்மா."

"தெனம் இதான் சொல்றீங்க. எதிர்ல பைக்ல குந்தினு இருக்காரே, அவருகூட நேத்து கேட்டாரு, ரெண்டு பேரும் எவ்ளோ நாளா பழக்கம்னு. ரொம்ப நாளாங்கன்னேன்."

புருஷோத்தமன் எதிரே பார்த்தார். அவருடைய பழைய துறையின் ஆள், கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். புருஷோத்தமன் சட்டென்று முகத்தை மறைத்ததில் டீ சட்டையில் கொட்டியது.

தலைவர் குனிந்து, தம் கைக்குட்டையால் அதை மெல்லத் துடைத்துவிட்டார்.