எங்கே போகிறது மாத்திரை?

"மாத்திரைய எங்கம்மா போடறீங்க, வாய்லயா, பெரிய வாய்க்கால்லயா?"

டாக்டர் தாமரைச்செல்வி ரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் போட்டார். அஞ்சலாட்சிக்குச் சுருக்கென்றது. நாற்பத்தோரு வயசுக்காரியைப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

"வேளை தவறாமப் போடறேன் மேடம்."

"போட்டா ரத்தத்துல மருந்து இருக்கணுமே. வருஷ ஆரம்பத்துல ஆறு. போன மாசம் நாலு. இப்ப ரெண்டரை. இப்படி இறங்கினா வலிப்பு வராம என்ன செய்யும்?"

வந்துதான் விட்டது. ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத வலிப்பு, போன மாசம் மேட்டுப்பாளையம் சோப்பு கம்பெனியில், பெட்டி ஒட்டுகிற இடத்தில் அவளைத் தள்ளிவிட்டது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இனி வேலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். டாக்டரோ பொய்க்காரி என்கிறார். வேலை போவதைவிட அந்தப் பேர்தான் அவள் நெஞ்சை அறுத்தது.

பக்கத்தில் இருந்த புருஷன் பலராமன் தொண்டையைச் செருமினான்.

"போன தடவ நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு வேளையும் நானே எடுத்துக் குடுக்கறேன் மேடம். முழுங்கினதும் நாக்கத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பாக்கறேன்."

"பாக்கறாரு, திருடியப் பாக்கற மாதிரி" என்றாள் அஞ்சலாட்சி. "பொறுக்க முடியாம மணவாளநல்லூருக்கு பஸ் ஏறிப் போயி, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிட்டு வந்தேன் மேடம். நான் பொய் சொன்னா என்னக் கேளு சாமி, இல்லன்னா இந்தாளக் கேளுன்னு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமிக்கே மனுப் போட்டவள் மாத்திரையைச் சாக்கடையில் போட மாட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"வேற மருந்து ஏதாவது? கஷாயம், லேகியம்?"

"தலவலித் தைலம்கூட இல்ல."

"மாத்திரை கம்பெனி மாறிச்சா?"

பலராமன் பையைக் கவிழ்த்தான். ஒரு மாசத்து வெற்று அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

"ரத்தம் எப்பக் குடுத்தீங்க?"

"ரெண்டு தடவையும் காலையில, மாத்திரை போடறதுக்கு முன்னால."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அஞ்சலாட்சியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள்.

"ஒண்ணுக்குப் பிடிச்சிக்கினு வாங்கக்கா."

"மருந்தெல்லாம் அதுலதான் போயிடுதா மேடம்?" என்று கேட்டான் பலராமன். அவன் கவலை அவனுக்கு.

கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து தலையாட்டினாள். டாக்டர் எழுந்து வந்து அஞ்சலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா. நீங்க ஒரு வேளைகூட விடல. கம்பெனிக்கு நானே எழுதித் தரேன். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, அளவக் கூட்டித் தரேன்."

அஞ்சலாட்சி புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இந்த ஒரு மாசமும் பட்ட அவமானமெல்லாம் அந்தப் பார்வையிலேயே தீர்ந்தது. பலராமன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் விடவில்லை.

"அப்ப இன்னாதான் ஆச்சு மேடம் அந்த மருந்து?"

"முழுசாப் போட்டாலும், மாசமா இருக்கறவங்களுக்கு உடம்பு மருந்த வேகமா வெளிய தள்ளிடும்" என்றார் டாக்டர்.

பொய்க்காரி என்ற பேரோடு உள்ளே வந்த அஞ்சலாட்சி, கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகச் சுமந்த மலடி என்ற பேரையும் சேர்த்து அந்த அறையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.