கப்பல் சமையல்காரி

"இன்னொரு முட்டை வை அவளுக்கு."

"அப்பா, போதும்ப்பா. இதோட மூணாச்சு. வயிறு வெடிச்சிடும்."

"பேசாம சாப்பிடு சிட்டு. நீ முடிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். அடுப்பருகே டீ டம்ளரோடு நின்றிருந்த அம்மா, 'சாப்பிட்டுடு, விடு' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்தாறு வருஷத் தொழில். எந்தக் கட்டிடமானாலும் லிஃப்ட் இரண்டு மாடி ஏறினால் போதும், சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டுக்குள் ஒரு கோளாறு புகுந்து ஒன்றரை மாதமாகிறது. அது மட்டும் பிடிபடவில்லை.

அன்றைக்குப் பேனா தேடி மகளின் பையைத் திறந்தபோது ஒரு சீட்டு விழுந்தது. 'உணவுப் பழக்கக் கோளாறு சிகிச்சைப் பிரிவு. சனிக்கிழமை பத்து மணி.' கீழே சிட்டுவின் போன் நம்பர்.

"என்னடி இது?" என்று மனைவியிடம் நீட்டினார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இப்போதைக்கு எதுவும் கேக்காதீங்க. நேரம் வரும்போது சொல்லிக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

அதோடு சரி. அன்றிலிருந்து மகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அவளோ ரொட்டியைக் கேட்டு வாங்கித் தின்கிறாள். கல்லூரியிலிருந்து வந்ததும் பிஸ்கட் டப்பாவை உருட்டுகிறாள். கன்னம் வேறு பளபளவென்று இருக்கிறது. இவளுக்கா சாப்பாட்டு நோய்? குளியலறைக் கதவில் காதை வைத்துக்கூடப் பார்த்தார். உள்ளே சுதி சேராத பாட்டுச் சத்தம்தான் கேட்டது.

சனிக்கிழமை வந்தால் தாயும் மகளும் நீல நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. நோட்டு! இரண்டு பேரும் கடைக்குப் போயிருந்த ஒரு மாலையில் அதைத் திறந்தார். சிட்டுவின் உருண்டை உருண்டையான கையெழுத்து.

'கப்பலில் நூறு பேர். எல்லோருக்கும் அவள்தான் சமையல். அத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனக்கென்று ஒரு தட்டு எடுப்பாள். உடனே அடித்தளத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.'

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. வெந்நீரைக்கூடத் தீய்த்துவிடுகிற பெண்ணுக்குக் கப்பலும் சமையலும் எங்கிருந்து வந்தன? அந்தக் குரல் யாருடையது? கல்லூரியில் எவனாவது கேலி செய்கிறானா? இல்லை, நாமேதான் ஏதாவது சொல்லித் தொலைத்தோமா? சின்ன வயதில் அவளைப் 'பூசணிக்கா' என்று கூப்பிட்டது ஞாபகம் வந்து நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த சனிக்கிழமை லீவு போட்டார். "நானும் வரேன்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வரட்டும்மா. எப்படியும் ஒரு நாள் தெரியத்தானே வேணும்?" என்றாள் சிட்டு.

சின்ன அறை. ஆலோசகருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மெக்கானிக் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டுவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். கம்பி அறுந்தா கம்பியைத்தான் மாத்தணும். கதை சொன்னா லிஃப்ட் ஏறுமா?"

ஆலோசகர் சிரித்தார். "'நான் சாப்பிடறதில்லை'னு நேரா சொல்ல சில பேருக்கு வாய் வராது சார். வெக்கமா இருக்கும். ஆனா ஒரு கப்பல் சமையல்காரி சாப்பிடறதில்லைன்னு சொல்ல முடியும். அவளுக்காக அழ முடியும். அவ சாப்பிட்டா நல்லா இருக்குமேன்னு தோணும். போன வாரம் கதையில அவ கால் தட்டு சாப்பிட்டா. மறுநாளே உங்க வீட்லயும் அது நடந்திருக்கு."

கால் தட்டா? போன வாரம் பூரா இவள் தட்டுத் தட்டாக அல்லவா காலி செய்தாள்! அவருக்குக் குழப்பம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் மனசு பொறுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, உன்னைப் பூசணிக்கான்னு கூப்பிட்டது அப்பா தப்புதான். இனிமே சத்தியமா வாயே திறக்க மாட்டேன். நீ சாப்பிட்டாப் போதும்டா."

சிட்டு திருதிருவென்று விழித்தாள். "ஐயோ, அப்பா..."

"இருக்கட்டும்," என்று ஆலோசகர் மெதுவாக இடைமறித்தார். "இன்னைக்குக் கதையில முக்கியமான இடம். அடித்தளத்துக் குரல் என்ன சொல்லுதுன்னு இதுவரைக்கும் நாம எழுதவே இல்லை. இப்ப சொல்ல முடியுமா?"

சிட்டு நோட்டைப் பிரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். எழுதத் தயாராக அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "'கல்யாணத்தப்போ கொடி மாதிரி இருந்தா, இப்போ தூண் மாதிரி ஆயிட்டா'ன்னு சொல்லும். சொல்லிட்டு, நாலு பேர் முன்னாடி இவர் சிரிக்கிற மாதிரியே சிரிக்கும்."