வீடு காட்டிய கை

“வூட்டக் காட்டினது யாரு? அத மொதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

சுலோசனா இடுப்பில் கை வைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, கழுவிக் கவிழ்த்த அன்னக்கூடையின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. எதிரே ஃபைலும் கையுமாக நின்ற கோபிநாத், கடன் வசூல் கம்பெனி ஆள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தான்.

“அதச் சொல்லக் கூடாதும்மா. கம்பெனி ரூல்.”

“பெரிய ரூல்! எங்க குப்பத்துல ஃபைலத் தூக்கிட்டு வர்றவனுக்கு ஒருத்தரும் வூடு காட்ட மாட்டாங்க. காட்டினா பஞ்சாயத்துல நிக்கணும். தெரியுமா உனக்கு?”

அது உண்மைதான். அந்தக் குப்பத்தில் வீட்டு நம்பர்கள் எந்த வரிசையிலும் அடங்காது. ஒரே பெயரில் நாலு சுலோசனா இருந்தார்கள். வெளியாள் யார் வந்து விசாரித்தாலும், “அப்படி யாரும் இங்க இல்லையே” என்று சிரித்த முகமாகப் பதில் வரும். இவன் மட்டும் நூல் பிடித்தது போல் நேராக அவள் வாசலுக்கு எப்படி வந்தான்? அதை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

“படிப்புக் கடன் நாலு லட்சத்து இருபதாயிரம். வட்டியோட சேர்த்து அஞ்சு லட்சத்துக்கு மேல போயிடுச்சு. மாசம் எட்டாயிரத்து அறநூறு கட்டணும். பையனோட சேர்ந்து நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா” என்றான் கோபிநாத், குரலை உயர்த்தாமல்.

“போட்டேன். யாரு இல்லன்னா? கோட்டு மாட்டின ஒருத்தன் எங்கள உக்கார வெச்சு, குற்றவியல் படிச்சா எடுத்த எடுப்புலயே நாப்பதாயிரம் சம்பளம், ரெண்டே வருஷத்துல கடன் முடிஞ்சிடும்னான். படிச்சு முடிச்சு ஒண்ணரை வருஷம் என் புள்ள வூட்டுல கெடந்தான். போயி அந்தக் கோட்டுக்காரன் சட்டையப் புடி!”

“இப்பவும் வேலை இல்லையாம்மா?”

“ஏன் இல்ல? என் புள்ள வெற்றிச்செல்வன் இங்க பக்கத்துல மேட்டுப்பாளையத்துல துப்பறியிற கம்பெனியில சேந்து ஒரு மாசம் ஆவுது. ஆளுங்க எங்க இருக்காங்கன்னு கண்டுபுடிக்கிற வேலை. பன்னெண்டாயிரம் சம்பளம். அதுல எட்டாயிரத்து அறநூற உனக்குக் குடுத்துட்டா, மிச்சத்துல பெட்ரோல் போடுவானா, சோறு துன்னுவானா? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு!”

கோபிநாத் தெருமுனைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பணிவுதான் அவளை இன்னும் கிளறியது. போன வாரம் எதிர்வீட்டு அஞ்சலாட்சியிடம் வந்த வசூல்காரன் தெருவே கூடும்படி அசிங்கமாகக் கத்தினான். கத்தினால் பதிலுக்குக் கத்தி விரட்டலாம். அம்மா, அம்மா என்கிறவனை என்ன செய்வது?

“நான் வந்துட்டுப் போனதுக்கு இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்கம்மா. போயிடறேன்.” அவன் நீட்டிய தாளில் ஒரு வரியைக் கட்டைவிரல் அழுத்தி மறைத்திருந்தது.

“எங்க அண்ணன் தணிகாசலம்தான காட்டினது? ஜாமீன் கேட்டதுக்கே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன ஆளு அவரு.”

“அவரு இல்லம்மா.”

“அப்ப இந்த அஞ்சலாட்சி.”

“சத்தியமா இல்ல.”

சுலோசனா விருட்டென்று தெருவில் இறங்கினாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

கோபிநாத் பதறிப் போனான். “வேணாம்மா! என்ன எவ்வளவு வேணா திட்டிக்குங்க. மண்ண மட்டும் தூத்தாதீங்க!”

“நீ சம்பளத்துக்கு வந்தவன், உன்ன எதுக்குத் திட்டறேன்? கூடவே இருந்து காட்டிக் குடுத்தானே, அவன் கை வெளங்காமப் போவட்டும்! அவனப் பெத்தவ வயிறு என் வயிறு மாதிரியே எரியட்டும்!”

தூற்றிய மண் கடல்காற்றில் பறந்தது. அஞ்சலாட்சி வீட்டு ஜன்னல் திறந்து உடனே மூடிக்கொண்டது. சுலோசனாவுக்குப் பாதி ஆத்திரம் அடங்கியிருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“குடு, எங்க போடணும் கையெழுத்து?”

அவன் தாளைப் பின்னுக்கு இழுத்தான். “பரவால்லம்மா, வேணாம். நான் வர்றேன்.”

“இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்ப இன்னா வேணாம்?” வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் கட்டைவிரல் மறைத்திருந்த இடத்தில், ‘வீட்டை அடையாளம் காட்டிய கம்பெனி ஊழியர்’ என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில், பேங்க் பேப்பரில் அவள் பெயருக்கு மேலே இருந்த அதே கோணல் கையெழுத்து: வெற்றிச்செல்வன்.

“அவன் சேந்தது எங்க கம்பெனியிலதான். வசூல் லிஸ்ட்டுல உங்க பேரு வந்துச்சும்மா” என்றான் கோபிநாத் மெதுவாக. “வேற யாரு வந்தாலும் உங்கள அசிங்கமாப் பேசிடுவாங்கன்னு, அவனே என்னக் கூட்டிட்டு வந்து, ‘எங்கம்மாகிட்ட மரியாதையாப் பேசுங்கண்ணே’ன்னு சொல்லிட்டு, ஹெல்மெட்டக்கூட கழட்டாம தெருமுனையில நிக்கிறான்.”