நானூற்றுப் பதின்மூன்றாம் கண்ணாடி

"பூட்டாதையுங்கோ அண்ணை, அவர் இன்னும்—"

"விசர்க்கதை கதையாதை மலர், உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை."

காவலாளி யோகராசா சாவியைத் திருப்பினார். இரும்புச் சட்டமிட்ட அந்தப் பழைய கண்ணாடி மண்டபத்தைப் போன வருடம்தான் வேறொரு பூங்காவில் கழற்றி, ரொறன்ரோவின் இந்தப் பூங்காவில் பொருத்தினார்கள். கழற்றும்போது ஒவ்வொரு கண்ணாடிக்கும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் எழுதியவர் மலரின் கணவர் குகன். 412ஐ எழுதியபின் ஏணியிலிருந்து விழுந்து செத்தார். மிச்சக் கண்ணாடிகளுக்கு இலக்கம் அச்சடித்த ஸ்ரிக்கர் ஒட்டினார்கள்.

இன்று துப்புரவு வேலைக்கு வந்த மலர் கண்ணாடிகளைத் துடைக்கப் போனபோது 413இல் ஸ்ரிக்கர் இல்லை. குகனின் கையெழுத்து இருந்தது. பெயின்ற் காயவில்லை.

"ஆரோ விளையாடியிருக்கினம்," என்றார் யோகராசா.

"அண்டைக்கு வெளிக்கிடேக்கை 'போயிட்டு வாறன்' எண்டுதானே சொன்னவர் அண்ணை. பூட்டினா எப்பிடி வீட்டை வாறது?"