மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

"மறுப்பு எழுதுறவளே இந்தத் தடவை மேடையில பேசட்டும், மேடம்." கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லப்பட்டதை டீச்சர் கேட்டுவிட்டாள். தலைமையாசிரியை வாசலிலேயே நிற்கிறார். மதிய வெயில் ஜன்னலில் சரிந்து சாக்பீஸ் தூளை மிதக்கவிடுகிறது. மின்விசிறி தூக்கத்தில் பேசுவதுபோல் முனகுகிறது. ஏழாம் வகுப்பின் மேசைகளில் விவாதப் போட்டிக்கான அட்டைகள் பரந்து கிடக்கின்றன. வெள்ளையில் நம் வாதம், மஞ்சளில் எதிரணி சொல்லப்போவது, அதன் பின்பக்கத்தில் நம் பதில். மஞ்சள் அத்தனையும் 'முணுமுணுப்பு' என்று பெயர் வாங்கிய கடைசி பெஞ்சுக்காரியின் கையெழுத்து. அவள் எழுதுவாள், கணீர்க் குரல்காரர்கள் பேசிக் கோப்பை வாங்குவார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரியான டீச்சரும் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று கைதட்டியவள்தான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"இவ குரல் முதல் வரிசைக்கே கேக்காதேம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

முணுமுணுப்பு கனவில் நடப்பவளைப்போல் வெயில் பட்டையைக் கடந்து வந்து ஒரு மஞ்சள் அட்டையை நீட்டுகிறாள். 'குரல் கேக்காது' என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறது. தலைமையாசிரியை மெதுவாகத் திருப்புகிறார். 'மைக் எதுக்கு இருக்கு, மேடம்?' யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

"வாய்க்கொழுப்பு! யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் மேடம். அதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சீங்க?"

டீச்சர் போட்டிக்கான பெயர்ப் பட்டியலை எடுக்கிறாள். காலையிலேயே பேனாவால் எழுதிய முணுமுணுப்பின் பெயர் அதில் காய்ந்து கிடக்கிறது. போட்டி நடத்துபவர்களிடம் பட்டியலைக் கொடுக்க நாலு மணிவரைதான் கெடு. தலைமையாசிரியையைத் தாண்டி வெயிலில் இறங்கி நடக்கிறாள்.